வேண்டாம் என்றால் இன்னும் ஒரு கரண்டி

எங்கள் தெருக்காரர்களுக்கு மதுரையைத் தாண்டினாலே வெளிநாடு. கும்பகோணத்தில் பிறந்து, அங்கேயே படித்து, பேச்சு வராத பிள்ளைகளுக்கு அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்து இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு வாரம் போகவேண்டும் என்று கல்வித்துறையிலிருந்து கடிதம் வந்தபோது வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்கே காபி கிடைக்குமா?" எதற்காகப் போகிறாய் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.

அவர் கேட்காததை நானே சொல்லிவிடுகிறேன். திருச்சுழிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஈஸ்வரி என்று பன்னிரண்டு வயதுப் பெண் இருக்கிறாள். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கை கால் சொன்னபடி கேட்காது, வாயிலிருந்து சொல் வராது. காதும் புத்தியும் மட்டும் நம்மைவிடக் கூர்மை. ஜூன் மாதம் அவளுக்கு வயதுப்படி ஆறாம் வகுப்பு. ஊர் நடுநிலைப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்காரவைப்பதா, அல்லது வீட்டிலேயே இருக்கவிட்டு வாரம் ஒருநாள் ஆசிரியரை அனுப்புவதா என்பது வெள்ளிக்கிழமை முடிவாகும். அதற்கான படிவத்தில் 'மாணவியின் விருப்பம்' என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற கட்டங்களை எல்லாம் மற்றவர்கள் நிரப்பிவிட்டார்கள். அந்த ஒரு கட்டத்தை அவளே நிரப்பும்படி செய்யவேண்டும். அதற்கு எனக்கு ஐந்து நாள்.

திங்கள் காலை அருப்புக்கோட்டையில் இறங்கி, விடுதியில் பையைப் போட்டுவிட்டு, தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருமுனையில் காபி கேட்டேன். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு ஒரு சிறிய பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் கொதிக்கும் பாலில் கொட்டினார். மறுநாள் முதல் நான் டீ குடிக்கிறவளாக மாறினேன்.

திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே அறுத்து முடித்த கம்பங்கொல்லை, பங்குனி வெயில். பாலத்தின் ஓரத்தில் ஆற்றின் பெயர் எழுதிய பலகை நின்றது. கீழே மணலும் நாலு ஆடும் இருந்தன. பங்குனியில் எங்கள் காவிரியிலும் இதே கதைதான். ஆனால் அதை வெளியூரில் ஒப்புக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

இந்த ஒப்பீட்டில் மூழ்கியிருந்ததில் திருச்சுழியில் இறங்கும்போது முக்கியமான ஒன்றை மறந்துவிட்டேன். ஈஸ்வரிக்காக நானே வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்த படப்பலகை. பதினாறு கட்டம், பதினாறு படம். பேச முடியாத பிள்ளை அதைத் தொட்டுக் காட்டிப் பேசும். அது இருக்கையிலேயே கிடந்து பஸ்ஸோடு நரிக்குடிக்குப் போய்விட்டது.

என்னை அழைத்துப்போக பைக்கோடு நின்றிருந்தார் முனியசாமி. அந்த வட்டாரத்துச் சிறப்பாசிரியர். முப்பது வயது இருக்கும். நாள் முழுக்க ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்ப்பவர், வண்டி ஓட்டும்போது சத்தமாகப் பாடுபவர். "கவலப்படாதீக மேடம், அதே பஸ்ஸு திரும்பி வரும்" என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. பலகை டிரைவருக்குப் பின்னால் இருந்த கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. எது என்ன படம் என்று பஸ்ஸே அதை வைத்து ஒரு போட்டி நடத்தி முடித்திருந்தது.

"ஏலே, அது தார் ரோடுதான், நான் அப்பவே சொன்னேன்ல" என்று டிரைவர் கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது ஆறு. நீல மை தீர்ந்துபோனதால் கொஞ்சம் சாம்பல் கலந்த ஆறு.

"இது கோயில் மணிதான டீச்சர்?" என்று முன்னிருக்கையிலிருந்த அம்மாள் கேட்டார். அது டபரா டம்ளர். கும்பகோணத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கீழே இறங்கியதும் முனியசாமி ஒரு பேனாவை என்னிடம் நீட்டினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆற்றை ஆடாக மாற்றினேன், டபராவைச் சேவுப் பொட்டலமாக்கினேன். பதினாறில் ஒரு படத்தை மட்டும் யாரும் தப்பாகச் சொல்லவில்லையாம். விரித்த உள்ளங்கை. வேண்டாம்.

ஈஸ்வரியின் வீட்டில் எங்களுக்கு முன்பே இலை போட்டாகிவிட்டது. அவளுடைய அம்மா பாண்டியம்மா, ஒல்லியான, வேகமான பெண். அப்பா ராமர், லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பேச்சைக் குறைத்துச் சிரிப்பைக் கூட்டியவர். ஈஸ்வரி சுவரோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். இரட்டைச் சடை, முகம் முழுக்கப் பவுடர், என்னை அளவெடுக்கும் கண்கள். 'ஆமாம்' என்றால் கண்ணை மேலே தூக்குவாள். இடது கையின் மூடிய விரல்களை மட்டும் கொஞ்சம் குறிபார்த்து வைக்க முடியும்.

குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். நான் காரம் தாங்காத ஊர்க்காரி, ஆனால் அந்தக் குழம்பைக் குறைசொல்ல மாட்டேன். இரண்டாவது முறை சோறு வந்தபோது போதும் என்றேன். வந்தது. வேண்டாம் என்று இலையின் மேல் கையை வைத்து மறைத்தேன். என் விரல் இடுக்கு வழியாக வந்தது.

"என்ன டீச்சர் இப்பிடிக் கோழி கொத்துன மாதிரி சாப்பிடுறீக. அம்புட்டுத் தூரத்துலருந்து வந்துட்டு" என்றார் பாண்டியம்மா. அடுத்த கரண்டி தயாராக இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பிள்ளைக்குப் பலகையைக் கற்றுக்கொடுக்க, முதலில் நாம் அதில் பேசிக் காட்டவேண்டும். இது நல்ல சந்தர்ப்பம் என்று பலகையை எடுத்தேன். ஈஸ்வரி பார்க்கும்படி விரித்த உள்ளங்கையைத் தொட்டேன். "வே-ண்-டா-ம்." பாண்டியம்மா வாய்விட்டுச் சிரித்தார். "படத்துல வேற சொல்லுறாகளே!" என்று இரண்டு கரண்டியாகப் போட்டார். ஈஸ்வரி என்னையும் பார்த்தாள், கரண்டியையும் பார்த்தாள். முதல் பாடம் நன்றாகப் பதிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

பதியத்தான் செய்தது. செவ்வாய்க்கிழமை காலை, சத்துமாவுக் கஞ்சி டம்ளர் பக்கத்தில் வந்ததும் ஈஸ்வரியின் கை எழுந்தது. ஆடி, அலைந்து, விரித்த உள்ளங்கையின் மேல் விழுந்தது. ஒரே நாளில்! முனியசாமி பாட்டை நிறுத்தினார்.

"டீச்சரு இருக்காகள்ல, அதான் கூச்சப்படுறா" என்று சொல்லி, பாண்டியம்மா மகளின் தாடையைப் பிடித்துக் கஞ்சியை ஊட்டி முடித்தார். கோபம் இல்லை, அன்பாகத்தான். எனக்குச் சோறு போட்ட அதே அன்பு.

புதன்கிழமை ஈஸ்வரி பலகையைப் பார்க்கவே மறுத்தாள். முன்னால் பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டாள், பக்கவாட்டில் பிடித்தால் தலையைத் திருப்பினாள். ஆட்டுக்கு மயங்கவில்லை, சேவுக்கும் மயங்கவில்லை. "நேத்து நல்லாத்தான மேடம் பண்ணுச்சு" என்று முனியசாமி தவித்தார். நான் பத்து வரை மனதுக்குள் எண்ணிக் காத்திருந்தேன், இருபது வரை எண்ணினேன். கடைசியில், மேலும் எண்களை வீணாக்காமல் விடுதிக்குக் கிளம்பினேன்.

அன்று திரும்பும் பஸ் வழியில் நின்றுவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் அடியில் புகுந்து எதையோ தட்டிக்கொண்டிருக்க, பயணிகள் கருவேல நிழலில் உட்கார்ந்தோம். நிழல் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். பக்கத்தில் மல்லிகைப்பூக் கூடையோடு இருந்த ஒரு பெண் எனக்கு முறுக்கு நீட்டினார். வேண்டாம் என்றேன். மடியில் வைத்தார். வேண்டாங்க என்றேன். இன்னொன்று வைத்தார். மூன்றாவது முறுக்கு வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. இந்தச் சீமையில் வேண்டாம் என்பது மறுப்பு இல்லை, உபசாரத்தின் பாதி. விருந்தாளி வேண்டாம் என்று சொல்லியாகவேண்டும், வீட்டுக்காரர் அதைக் கேட்காதிருந்தாகவேண்டும். எங்கள் ஊரிலும் உண்டு, இத்தனை உறுதியாக இல்லை. பாண்டியம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. நான்தான் ஒரு பெண்ணின் கையில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவியைக் கொடுத்துவிட்டு, ஏன் திறக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் மதிக்காத ஒரு சொல்லை அவள் எதற்காகக் கஷ்டப்பட்டுச் சொல்லவேண்டும்? மூன்று முறுக்கையும் தின்றேன். நன்றாகவே இருந்தன.

வியாழக்கிழமை காலை, சாப்பாட்டுப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே பாண்டியம்மாவிடம் ஒரு உடன்படிக்கை பேசினேன். இன்று ஒருநாள் மட்டும். இந்த வீட்டில் யார் அந்த உள்ளங்கைப் படத்தைத் தொட்டாலும், எதைக் காட்டித் தொட்டாலும், அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். கெஞ்சக் கூடாது. இரண்டாம் தடவை கேட்கக் கூடாது.

"பிள்ள பட்டினி கெடக்குமே டீச்சர்."

"பசித்தால் அவளே கேட்பாள். கேட்காவிட்டால் சாயங்காலம் நீங்கள் சொல்கிறபடி."

அரை மனதாகத் தலையாட்டினார். கஞ்சி டம்ளர் வந்தது. ஈஸ்வரி நம்பிக்கை இல்லாமல், சும்மா ஒரு பரீட்சைக்காக, கையை ஓங்கி உள்ளங்கைப் படத்தில் போட்டாள். பாண்டியம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். டம்ளர் அடுப்படிக்குத் திரும்பிப் போனது.

ஈஸ்வரியின் முகத்தில் அப்போது வந்ததை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். முதலில் சந்தேகம். அப்புறம், கைக்கு வந்துவிட்ட அதிகாரம்.

அதன்பின் அந்த வீட்டில் நடந்தது ஆட்சி மாற்றம். இட்லி வேண்டாம். சட்னி வேண்டாம். பவுடர் வேண்டாம். சடை வேண்டாம், பாண்டியம்மா பின்னியதை அவிழ்க்க வேண்டியதாயிற்று. டிவி நாடகம் வேண்டாம். அது பாண்டியம்மாவுக்குக் கொஞ்சம் வலித்தது. வேலைக்குக் கிளம்பிய ராமர் வழக்கம்போலக் கன்னத்தைக் கிள்ள வந்தார். வேண்டாம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உத்தரவு தாயி, போயிட்டு வாரேன்" என்றார். பத்து மணிக்கு வந்து சேர்ந்த முனியசாமி உற்சாகமாக ஒரு பாட்டை எடுத்தார். ஈஸ்வரி அவரை நேராகப் பார்த்துக்கொண்டே பலகையில் அடித்தாள்.

"மேடம், இது பாட்டச் சொல்லுதா, என்னையவா?" என்று கேட்டார். அடுத்த அடி எனக்கு விழுந்தது. நானும் அவரும் வாசலுக்குப் போய் நின்றோம். உள்ளே இருந்து ஈஸ்வரியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு அவளே சேவுப் பொட்டலத்தைத் தொட்டாள். பாண்டியம்மா ஓடிப்போய் எடுத்துவந்து ஊறவைத்து ஊட்டினார். ஊட்டிக்கொண்டே சட்டென்று அழுதார்.

"பல்லு மொளச்ச நாள்லருந்து அந்தக் கஞ்சியத்தான் குடுக்கேன். பிடிக்காதுன்னு எனக்குத் தெரியலயே டீச்சர். இவ மனசு எனக்கு அத்துபடின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன்."

ஈஸ்வரி மெல்லுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ஆனால் அவள் கஞ்சிக்கு மனம் மாறவில்லை.

மதியம் எனக்கு ஒரு தண்டனை காத்திருந்தது. முதல் நாள் குழம்பை நான் புகழ்ந்ததற்காக மறுபடியும் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். அருமையான பதம். இரண்டாம் முறை சோற்றோடு பாண்டியம்மா வந்ததும், பழக்க தோஷத்தில், நாகரிகமாக ஒரு புன்னகையோடு பலகையில் உள்ளங்கையைத் தொட்டேன். சோறு திரும்பிப் போனது. குழம்பும் போனது. மூடி வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. காலி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டிக்குக் காத்திருக்கும் ஆட்களில் நானும் ஒருத்தி என்பது அன்றுதான் தெரிந்தது. ஈஸ்வரி என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

சாயங்காலம் பாண்டியம்மா என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். நாளை என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். பழைய கதை ஒன்றைச் சொன்னார். ஒன்றாம் வகுப்பில் ஈஸ்வரியை இரண்டு மாதம் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒருநாள் நாற்காலியிலேயே சிறுநீர் போய், யாரும் கவனிக்காமல், மதிய மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். "அவளால கூப்பிட முடியாதுல்ல. அன்னைக்கு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தவதான், அப்பறம் அனுப்பல. வீட்டுல இருந்தா நான் பாத்துக்குவேன். அங்க யாரு பாப்பாக? வீட்டுலயே இருக்கட்டும்னுதான் டீச்சர் சொல்லப் போறேன்." அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்ல என்னால் முடியாது.

வெள்ளிக்கிழமை ராமரின் லோடு ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனோம். பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஈஸ்வரியின் நாற்காலியைக் கட்டி, நானும் பாண்டியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். கும்பகோணத்தில் என் மாணவர்கள் வேனில் வருவார்கள். காற்றும் வெங்காய வாசனையும் இல்லாத அந்த வேனில் அவர்கள் இவ்வளவு சந்தோஷமாக வந்து நான் பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். முதல் வேலையாக எல்லோருக்கும் டீ சொன்னார். படிவத்தை விரித்து, பாண்டியம்மாவைப் பார்த்து, "வீட்டுக்கே டீச்சர அனுப்பிருவோம். வாரம் ஒரு நாளு. பிள்ளைக்கும் அலைச்சல் இல்ல. என்னம்மா, சரிதான?" என்றார்.

"முதலில் அவளைக் கேளுங்கள் சார்" என்றேன்.

கொஞ்சம் சங்கடத்தோடு ஈஸ்வரியின் பக்கம் திரும்பி அதையே கேட்டார். கை எழுந்தது, அலைந்தது, விழுந்தது. வேண்டாம்.

"டீ வேணாமாம்" என்று அவர் அக்கறையாக டம்ளரை நகர்த்தினார்.

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்காமல் இருக்க நாற்காலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுபடியும் கையைத் தூக்கினாள். இந்த முறை முதலில் வீட்டுப் படம். அங்கிருந்து இழுத்துக்கொண்டே வந்து, உள்ளங்கை. வீடு, வேண்டாம்.

"அட, பிள்ளைக மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாக" என்று தலைமையாசிரியர் சிரித்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே. "ஒரு வருசம் மட்டும் வீட்டுல இருந்து பாரேன் தாயி?" வேண்டாம். "சரி, ஆறு மாசம்?" வேண்டாம். இந்த முறை கை நேராகவே விழுந்தது.

அப்போது பாண்டியம்மா நாற்காலிக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். "ஏத்தா, அம்மா கூடவே இருக்கலாம்லடி?"

ஈஸ்வரி அம்மாவையே பார்த்தாள். நான் எண்ண ஆரம்பித்தேன். பத்து தாண்டியது. முனியசாமி மூச்சைப் பிடித்திருந்தார். பதினாலு, பதினைந்து. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது. பதினெட்டில் கை எழுந்தது. எங்கே விழப்போகிறது என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மெதுவாக, அடிக்காமல், உள்ளங்கையின் மேல் அதை வைத்தாள்.

பாண்டியம்மா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீடு வேணாம்ங்குறா சார். பள்ளிக்கூடத்துக்கு வாராளாம். எழுதிக்கங்க" என்றார். தலைமையாசிரியர் பேனாவை எடுத்ததும், "எழுதுறதுக்கு முன்னாடி அந்தக் கக்கூசக் காட்டுங்க" என்றார்.

எல்லோரும் போய்ப் பார்த்தோம். சாய்தளம் இருந்தது, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, கதவு நாற்காலிக்குக் குறுகல். ஜூனுக்குள் சரிசெய்வதாகத் தலைமையாசிரியர் சொன்னார். பாண்டியம்மா அதையும் படிவத்தின் ஓரத்தில் எழுதச் சொல்லி, அவர் எழுதும்வரை பக்கத்திலேயே நின்றார். கழிப்பறைக்கு ஒரு படம், வலிக்கு ஒரு படம் என்று பலகையில் இரண்டு கட்டங்களை நானும் முனியசாமியும் அங்கேயே மாற்றினோம். பள்ளி திறந்ததும் முதல் வாரம் முழுக்க அந்த வகுப்பிலேயே இருந்து, ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் பலகையைப் பழக்கிவிடுவதாக முனியசாமி ஒப்புக்கொண்டார், பாடாமல். 'மாணவியின் விருப்பம்' என்ற கட்டத்துக்குள் தலைமையாசிரியர் 'பள்ளிக்கு வர விரும்புகிறார்' என்று எழுதினார். ஈஸ்வரியிடம் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தார். அவள் கண்ணை மேலே தூக்கினாள்.

வெளியே வெயிலில் லோடு ஆட்டோ தயாராக நின்றது. எனக்கு மதுரை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. தலை கலைந்து, முகத்தில் பவுடர் இல்லாமல், மடியில் பலகையோடு அவள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்ததும் கைபேசியை எடுத்தேன். என் பள்ளியில் காட்டலாம், இந்தக் கட்டுரையோடும் போடலாம். "ஈஸ்வரி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

கை எழுந்தது. உள்ளங்கை.

"ஒன்றே ஒன்று கண்ணு. எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறேன்!"

"டீச்சர்" என்றார் பாண்டியம்மா, கண்டிப்பாக. "ஒருக்கச் சொன்னாப் போதும்னு நீங்கதான சொன்னீக?"

கைபேசியைப் பைக்குள் போட்டேன். ஆகவே இந்தக் கட்டுரையில் படம் இல்லை.